அலுமினாவின் மேல் நிக்கல்: கரியமில வாயுவை மீத்தேனாக்கும் வினையூக்கி தயாரித்த பதிவு

சூடான நிக்கல் தூளின் மேல் கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் சேர்த்துச் செலுத்தினால் மீத்தேனும் நீராவியும் கிடைக்கும் என்பதைப் பிரான்சின் பால் சபாத்தியேவும் அவருடைய சகப் பணியாளர் சாந்தரன்ஸும் 1902-இல் வெளியிட்டார்கள். நுண்ணிய உலோகத் துகள்களைக் கொண்டு கரிமச் சேர்மங்களில் ஹைட்ரஜனை ஏற்றும் முறைக்காகச் சபாத்தியேவுக்கு 1912-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில், வீரர்கள் வெளிவிடும் கரியமில வாயுவிலிருந்து நீரை மீட்பதற்காக 2010-இல் இதே வினையை நடத்தும் கருவி பொருத்தப்பட்டது. ஜெர்மனியின் வெர்ல்டே என்ற ஊரில் 2013-இல் தொடங்கிய ஆலை ஒன்று, மின்சாரத்தால் நீரைப் பிரித்து எடுத்த ஹைட்ரஜனையும் உயிரிவாயு ஆலையிலிருந்து வந்த கரியமில வாயுவையும் கொண்டு மீத்தேன் தயாரித்தது.

ஒரு மூலக்கூறு கரியமில வாயுவுக்கு நான்கு மூலக்கூறு ஹைட்ரஜன் தேவை. மோலுக்கு ஏறத்தாழ 165 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். இவ்வினைக்கு ருத்தேனியம் நன்றாக வேலை செய்யும் என்றாலும் அதன் விலை நிக்கலோடு ஒப்பிட முடியாதது. ஆகவே, நுண்துளைகள் நிறைந்த காமா அலுமினாவின் (அலுமினிய ஆக்சைடின் ஒரு வடிவம்) மேல் நிக்கலை மெல்லப் பரப்பி வைப்பதே உலகெங்கும் வழக்கமான வழியாக இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் இதற்கு மூன்று வரிதான் ஒதுக்குவார்கள்: நனைத்தோம், உலர்த்தினோம், சுட்டோம். அந்த மூன்று வரிகளுக்குள்தான் வினையூக்கியின் தரம் முழுவதும் தீர்மானமாகிறது என்பதை எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரே கலவையைப் பிரித்து வெவ்வேறு விதமாகச் சுட்டுப் பார்த்தபோது தெளிவாகக் கண்டேன். நிக்கலின் அளவைக் கூட்டுவது பற்றி அதிகம் பேசுகிறோம். அதே நிக்கல் எத்தனை நானோமீட்டர் துகள்களாக உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வினையின் வேகத்தை நிர்ணயிக்கிறது. அது ஹைட்ரஜன் வந்து தொடுவதற்கு வெகு முன்னரே முடிவாகிவிடுகிறது.

அலுமினாவைக் கடையில் வாங்கியபடியே பயன்படுத்தக் கூடாது. எங்களுக்குக் கிடைத்தது மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைகள். கிராமுக்கு ஏறத்தாழ 200 சதுர மீட்டர் மேற்பரப்பு உடையவை. அவற்றை அகேட் கல்வத்தில் உடைத்து, 60 மெஷ் சல்லடையில் இறங்கி 100 மெஷ் சல்லடையில் தங்கும் பகுதியை, அதாவது 150 முதல் 250 மைக்ரோமீட்டர் வரையுள்ள குருணையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதை 500 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுட்டு, சூடு முழுதும் ஆறும் முன்பே டெசிக்கேட்டர் என்ற ஈரம் புகாத கலத்துக்குள் வைத்தேன். சென்னை போன்ற கடற்கரை ஊரின் காற்றில் திறந்து வைத்த காமா அலுமினா மிக விரைவாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு எடை போட்டால் நுண்துளைக் கணக்கும் நிக்கல் சதவீதமும் சேர்ந்தே பிசகும்.

அடுத்த வேலை, ஒரு கிராம் அலுமினா எவ்வளவு நீரைக் குடிக்கிறது என்று அளப்பது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. உலர்ந்த அலுமினாவைச் சிறிய கண்ணாடிக் குப்பியில் எடைபோட்டு எடுத்து, காய்ச்சி வடித்த நீரை மைக்ரோபிப்பெட்டால் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் கோலால் கலக்க வேண்டும். நீர் உள்ளே இழுக்கப்படும் வரை குருணைகள் உலர்ந்த மணலைப் போலவே ஒன்றோடொன்று ஒட்டாமல் உருளும். துளைகள் நிரம்பும் நிலை நெருங்கும்போது, புட்டு மாவு பிசிறுகிறவர்கள் அறிந்த அந்தப் பதம் வரும்: அழுத்தினால் பிடிபடும், தட்டினால் உதிரும். அதற்கு மேல் ஒரு துளி விட்டால் குருணைகள் பளபளக்கத் தொடங்கிக் குப்பியின் சுவரில் அப்பிக்கொள்ளும். பளபளப்பு வருவதற்குச் சற்று முந்தைய அளவே எடுத்துக்கொள்ள வேண்டிய அளவு. எங்கள் அலுமினாவுக்கு அது கிராமுக்கு 0.6 மில்லிலிட்டராக இருந்தது. அலுமினாவின் புது மூட்டையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதை மறுபடி அளப்பது நல்லது.

நிக்கல் உப்புகளில் நைட்ரேட்டையே தேர்ந்தெடுத்தேன். குளோரைடில் இருந்து வரும் குளோரின் அலுமினாவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது. சல்பேட்டில் உள்ள கந்தகமோ நிக்கலுக்கு நஞ்சு. நைட்ரேட் சூட்டில் சிதைந்து ஆக்சைடை மட்டும் விட்டுச்செல்லும். ஆறு நீர் மூலக்கூறுகளைக் கொண்ட நிக்கல் நைட்ரேட்டின் மூலக்கூறு எடை 290.8, அதில் நிக்கலின் பங்கு 58.7. ஆகவே 20 கிராம் வினையூக்கியில் 10 சதவீதம் நிக்கல் வேண்டுமானால் 2 கிராம் நிக்கலுக்கு 9.91 கிராம் உப்பும் 18 கிராம் அலுமினாவும் தேவைப்படும். இந்த உப்பும் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால், பழைய புட்டியில் இருப்பதை அப்படியே நம்பாமல், ஒரு கிராமை எடைமாறா நிலை வரை சுட்டுப் பார்த்தேன். சரியான உப்பாக இருந்தால் 0.257 கிராம் நிக்கல் ஆக்சைடு மிஞ்ச வேண்டும். குறைந்தால் அந்த அளவுக்கு உப்பைக் கூட்டி எடுக்க வேண்டும். நிக்கல் சேர்மங்கள் புற்றுநோயை உண்டாக்குபவை. தோலில் ஒவ்வாமையையும் ஏற்படுத்துபவை. பொடியைக் கையாளும்போது கையுறையும் முகமூடியும் அவசியம். எடைபோடும் தராசும் காற்று வீசாத மூலையில், தூள் பறக்காத இடத்தில் இருக்க வேண்டும்.

18 கிராம் அலுமினா குடிக்கும் நீர் 10.8 மில்லிலிட்டர். எனவே உப்பை 5 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, பிறகு அளவுகுழாயில் 10.8 மில்லிலிட்டர் வரை நிரப்பினேன். நிரப்ப வேண்டியது கரைசலின் மொத்தக் கன அளவைத்தான்; உப்புக்குள் இருக்கும் நீரும் உப்பின் சொந்தக் கன அளவும் அதில் அடக்கம். இதே கணக்கை 20 சதவீத நிக்கலுக்குப் போட்டால் ஓர் எல்லை வந்து நிற்கும். 16 கிராம் அலுமினாவின் துளைகளில் 9.6 மில்லிலிட்டர்தான் கொள்ளும், தேவைப்படும் 19.8 கிராம் உப்பு, திண்மமாகவே ஏறத்தாழ அதே இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகையால் அந்த அளவுக்கு ஒரே முறையில் நனைக்க இயலாது. இரண்டு முறை நனைத்து, நடுவில் உலர்த்திச் சுட வேண்டும். ஒரே முறையில் 20 சதவீதம் ஏற்றியதாகச் சொல்லும் செய்முறையைப் படிக்கும்போது அலுமினாவின் துளைக் கன அளவு என்ன என்பதை முதலில் தேடிப் பார்க்கிறேன்.

கரைசலை ஒரே இடத்தில் ஊற்றாமல், அகலமான பீங்கான் கிண்ணத்தில் பரப்பிய அலுமினாவின் மேல் துளித்துளியாக விட்டுக் கலக்கினேன். வெள்ளைக் குருணைகள் இளம்பச்சையாக மாறும். எங்கும் வெள்ளைப் புள்ளி தெரியாமலும் எங்கும் ஈரப் பளபளப்பு இல்லாமலும் இருந்தால் நனைத்தல் சீராக நடந்திருக்கிறது என்று பொருள். கிண்ணத்தை மூடி சில மணி நேரம் அப்படியே விட்டுவைத்தால் கரைசல் துளைகளுக்குள் நன்றாகப் பரவும்.

உலர்த்துவதில் தொடங்கியே பொறுமை வேண்டும். துளைக்குள் உள்ள நீர் வெளிவாயில் வழியாகத்தான் ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளிருக்கும் கரைசல் வாயை நோக்கி இழுக்கப்படுகிறது. உப்பும் கூடவே வருகிறது. போதாக்குறைக்கு நிக்கல் நைட்ரேட் 57 டிகிரிக்கு அருகில் தன் நீரிலேயே உருகிவிடும். எனவே 110 டிகிரி அடுப்பில் நேரடியாக வைத்தால், ஓடக்கூடிய உப்பைக் கொதிக்கும் நீரோடு வெளியே துரத்துவதாகிறது. குவியலாக வைத்து உலர்த்திய ஒரு சிறு பகுதியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: மேலே கரும்பச்சை ஏடு கட்டியிருக்கும், கோலால் கிளறினால் அடியில் வெளிறிய பச்சை தெரியும். மீதமிருந்த கலவையை மெல்லிய படலமாகப் பரப்பி, முதலில் அறை வெப்பநிலையில் அவ்வப்போது கிளறி, பிறகு 50 டிகிரியில், கடைசியாக 110 டிகிரியில் இரவு முழுவதும் உலர்த்தினேன். நிறம் மேலும் கீழும் ஒன்றாக இருந்தது.

இப்போது சுடும் கட்டம். உலர்ந்த கலவையின் ஒரு பகுதியை ஆழமான பீங்கான் குடுவையில் நிரப்பி, மஃபிள் உலையில் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 450 டிகிரி வரை ஏற்றி நான்கு மணி நேரம் வைத்தேன். பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் நடப்பது இதுதான். இன்னொரு பகுதியைக் குவார்ட்ஸ் குழாய்க்குள் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் போகாத படலமாகப் பரப்பி, உலர் காற்றைத் தொடர்ந்து செலுத்தியபடி, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் அதே 450 டிகிரிக்கு ஏற்றி, அதே நேரம் வைத்தேன். வெப்ப ஏற்றமா, காற்றோட்டமா, எது காரணம் என்று பிரித்தறிய மூன்றாவது பகுதி ஒன்றையும் ஆழமான குடுவையிலேயே, ஆனால் நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் சுட்டேன்.

200 டிகிரியைத் தாண்டியதும் நைட்ரேட் சிதையத் தொடங்கும். குவார்ட்ஸ் குழாயின் வெளிமுனையில் செம்பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு தெளிவாகத் தெரிந்தது. அதைக் காரக் கரைசல் வழியாகக் குமிழியிட்டு, ஃபியூம் ஹூடு என்ற புகை உறிஞ்சும் கூண்டுக்குள் விட்டேன். மஃபிள் உலையில் இதே புகை குடுவைக்குள்ளேயே தேங்கி நிற்கிறது. உலையும் ஹூடுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். சாதாரண அறையில் வைத்து நைட்ரேட்டைச் சுடுவது நுரையீரலுக்குக் கேடு. தேங்கும் நைட்ரஜன் டை ஆக்சைடும் நீராவியும் நிக்கலை நகரவிட்டு, சிறு துகள்கள் ஒன்று சேர்ந்து பெரிதாக வழி செய்கின்றன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரைன் டி யோங் குழுவினர் 2007-இல் அலுமினாவுக்குப் பதில் சிலிக்காவை நிக்கலின் தாங்கியாகக் கொண்டு இதை மிக அழகாகக் காட்டியிருக்கிறார்கள்: காற்றில் சுடாமல் நைட்ரிக் ஆக்சைடு கலந்த ஹீலியத்தில் சுட்டபோது அவர்களுக்குச் சில நானோமீட்டர் அளவேயுள்ள நிக்கல் ஆக்சைடு துகள்கள் கிடைத்தன. அத்தகைய வாயுக் கலவை எங்களிடம் இல்லை. மெல்லிய படலமும் ஓடும் காற்றும் எந்தக் கல்லூரியிலும் செய்யக்கூடியவை.

ஒவ்வொரு பகுதியையும் சுட்டபின் எடைபோட்டேன். 2 கிராம் நிக்கல் 2.55 கிராம் ஆக்சைடாக மாறும் என்ற விகிதத்தில் எடை இறங்கியிருந்தால் நைட்ரேட் முழுதும் போய்விட்டது என்று கொள்ளலாம். நிறமும் நிறையச் சொல்கிறது. ஆழமான குடுவையில் சுட்டது கரும்புள்ளிகள் கலந்த அடர்சாம்பல். குழாயில் சுட்டது ஒரே சீரான பச்சை கலந்த சாம்பல். ஆர்வத்தினால் ஒரு சிட்டிகையை 800 டிகிரிக்கு ஏற்றிப் பார்த்தேன். அது வானநீலமாக மாறியது. நிக்கல் அலுமினாவுக்குள்ளேயே புகுந்து நிக்கல் அலுமினேட் என்ற ஸ்பைனல் வகைச் சேர்மமாகிவிட்டதன் அடையாளம் அந்த நீலம். அந்த நிக்கலை மீட்டு உலோகமாக்க ஏறத்தாழ அதே 800 டிகிரியில் ஹைட்ரஜன் செலுத்த வேண்டியிருக்கும்; அதற்குள் அலுமினாவின் மேற்பரப்பும் பெருமளவு சுருங்கிவிடும். 450 டிகிரியில் நிறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

நிக்கல் ஆக்சைடை ஒடுக்க, அதாவது அதன் ஆக்சிஜனை நீக்கி உலோகமாக்க, ஹைட்ரஜனில் படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு வெப்பநிலையிலும் எவ்வளவு ஹைட்ரஜன் செலவாகிறது என்று அளந்து வரைந்தபோது, குடுவை மாதிரியில் 400 டிகிரிக்குக் கீழேயே கணிசமான முகடு வந்தது. குழாய் மாதிரியில் பெரும்பகுதி 500 முதல் 600 டிகிரிக்குள் அகலமான ஒற்றை முகடாக வந்தது. எளிதில் ஒடுங்குவது நல்லதுதானே என்று தோன்றக்கூடும். அலுமினாவோடு பிடிப்பில்லாமல் கிடக்கும் பெரிய ஆக்சைடு துகள்தான் தாழ்ந்த வெப்பநிலையில் எளிதாக ஒடுங்குகிறது. பிடிப்புள்ள துகள் ஒடுங்கத் தாமதிக்கும்; ஒடுங்கிய பின் இடம்விட்டு நகராமல் நிற்கும்.

உலோகமாக ஒடுக்கிய மாதிரிகளை எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கருவியில் வைத்தோம். தாமிரக் கதிரில் நிக்கலின் முதன்மை முகடு 44.5 டிகிரியில் வரும். பக்கத்திலேயே 46 டிகிரிக்கு அருகில் காமா அலுமினாவின் அகன்ற முகடு ஒன்றும் இருப்பதால், வெறும் அலுமினாவின் வரைபடத்தைக் கழித்துவிட்டு, 51.8 டிகிரி முகட்டோடும் ஒத்துப் பார்த்துத்தான் அகலத்தை நம்ப வேண்டும். கருவியின் சொந்த அகலத்தைக் கழித்த பிறகு குடுவை மாதிரியின் முகடு பாதி உயரத்தில் 0.45 டிகிரி அகலமும், குழாய் மாதிரியின் முகடு 0.8 டிகிரி அகலமும் இருந்தன. முகட்டின் அகலத்திலிருந்து துகள் அளவைத் தரும் ஷெரர் சமன்பாட்டில் இட்டால் முறையே 19, 10.7 நானோமீட்டர். மெதுவாகச் சூடேற்றிய மூன்றாவது மாதிரி, குடுவை மாதிரியைவிடச் சிறிதளவே மேம்பட்டிருந்தது. ஆகவே முக்கியக் காரணம் தேங்கும் வாயுதான். வெப்ப ஏற்றத்தின் வேகம் அடுத்தபடியே. பத்து நானோமீட்டர் நிக்கல் துகளில் மேற்பரப்பில் நிற்கும் அணுக்கள் ஏறத்தாழ 10 சதவீதம். இருபது நானோமீட்டரில் 5 சதவீதம். வாயு தொடுவது அந்த அணுக்களை மட்டுமே.

சோதனை உலைக்குக் குவார்ட்ஸ் குழாயைத்தான் பயன்படுத்த வேண்டும். துருப்பிடிக்காத எஃகிலேயே நிக்கல் இருக்கிறது; வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளின் உறைகளில் சிலவற்றிலும் உண்டு. ஆகவே தெர்மோகப்பிளையும் மெல்லிய குவார்ட்ஸ் உறைக்குள் செருகி, வினையூக்கி இல்லாமல் ஒரு வெற்றோட்டம் நடத்தி, மீத்தேன் வரவில்லை என்று உறுதி செய்த பிறகே மாதிரியை நிரப்பினேன். 100 மில்லிகிராம் வினையூக்கியோடு அதே சல்லடை அளவுள்ள சிலிக்கான் கார்பைடைப் பல மடங்கு கலந்தேன். இந்த வினை வெளிவிடும் வெப்பம் அதிகம். கலக்காமல் வைத்தால் படுகையின் நடுப்பகுதி உலையின் வெப்பநிலையைவிடப் பல டிகிரி ஏறி, எந்த வெப்பநிலையில் அளந்தோம் என்பதே பொருளற்றுப் போகும். இணைப்புகள் அனைத்திலும் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்த பிறகே ஹைட்ரஜனைத் திறந்தேன். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை அது எரியக்கூடியது.

ஹைட்ரஜனை நைட்ரஜனில் நீர்த்த நிலையில் தொடங்கி, 600 டிகிரி வரை மெதுவாக ஏற்றி ஒடுக்கினேன். ஒடுங்கும்போது உருவாகும் நீராவியும் துகள்களைப் பெருக்கக்கூடியது என்பதால் வாயு ஓட்டம் தாராளமாக இருக்க வேண்டும். மின்தடை வரும்போது வாயு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர்கள் மூடிக்கொள்ளும். ஆகவே நைட்ரஜனுக்கு மட்டும் மின்சாரம் தேவைப்படாத தனி வழி ஒன்றைச் சாதாரண ரோட்டாமீட்டரோடு (ஓட்டம் காட்டும் குழாய்) அமைத்திருக்கிறோம். மின்வெட்டு சகஜமான இடங்களில் இதை விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது.

நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டர் கரியமில வாயு, 40 மில்லிலிட்டர் ஹைட்ரஜன், 50 மில்லிலிட்டர் நைட்ரஜன் செலுத்தினேன். இதில் நைட்ரஜனின் வேலை நீர்ப்பது மட்டுமன்று. வெளிவரும் வாயுவைக் குளிர்வித்து நீரை அகற்றிய பிறகே, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபுக்கு அனுப்புகிறோம். பாதி கரியமில வாயு மாறிவிட்டது என்று வைத்துக்கொண்டால், வெளியே வருபவை 5 கரியமில வாயு, 20 ஹைட்ரஜன், 5 மீத்தேன், 50 நைட்ரஜன். மொத்தம் 80 மட்டுமே. கரியமில வாயுவின் பங்கு 6.25 சதவீதம். உள்ளே போன 10 சதவீதத்தோடு அதை நேரடியாக ஒப்பிட்டால் மாற்றம் 37.5 சதவீதம் என்று தவறான விடை வரும். மாறாத நைட்ரஜனை அளவுகோலாக வைத்து விகிதம் பார்த்தால்தான் 50 சதவீதம் என்ற உண்மை தெரியும். கரியமில வாயு, மீத்தேன், கார்பன் மோனாக்சைடு மூன்றின் கார்பன் கணக்கும் உள்ளே போன கார்பனோடு சேர வேண்டும். சேராத நாளின் அளவீட்டை நான் குறிப்பேட்டில் எழுதினாலும் வரைபடத்தில் சேர்ப்பதில்லை.

இரு வினையூக்கிகளையும் 275 டிகிரியில், மாற்றம் குறைவாக இருக்கும் நிலையில் ஒப்பிட்டேன். 400 டிகிரியில் ஒப்பிட்டால் இரண்டுமே வெப்ப இயக்கவியல் விதிக்கும் எல்லையை நெருங்கிவிடும், வேறுபாடு மறைந்துபோகும். தாழ்ந்த வெப்பநிலையில் குழாய் மாதிரி, குடுவை மாதிரியைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு கரியமில வாயுவை மாற்றியது. மேற்பரப்பு அணுக்களின் விகிதமும் அதுவே. நிக்கலின் எடை இரண்டிலும் ஒன்றே.

சோதனையை நிறுத்தும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். கார்பன் மோனாக்சைடு சிறிதளவு துணைவிளைபொருளாக வரும். அது 200 டிகிரிக்குக் கீழே ஒடுங்கிய நிக்கலைத் தொட்டால் நிக்கல் கார்பனைல் என்ற கொடிய நஞ்சு உருவாகலாம். லுட்விக் மோண்ட் 1890-இல் கண்டறிந்த சேர்மம் அது. 43 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். எனவே படுகை 250 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே வினை வாயுக்களை மூடி, தூய நைட்ரஜனால் நன்றாகக் கழுவி, அதன் பிறகே குளிரவிட வேண்டும். குளிர்ந்த நிக்கலும் காற்றைக் கண்டால் தீப்பற்றக்கூடியது. நைட்ரஜனில் ஒரு சதவீதம் ஆக்சிஜன் கலந்து சில மணி நேரம் மெல்லச் செலுத்தி, மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு தோலை உண்டாக்கிய பிறகுதான் குழாயைத் திறப்பேன்.

திறந்து எடுத்த குழாய் மாதிரியை மறுபடி எக்ஸ்-கதிரில் பார்த்தபோது துகள் அளவு சிறிதே கூடி 12 நானோமீட்டருக்கு அருகில் இருந்தது. வினையில் உருவாகும் நீராவி தன் வேலையைத் தொடர்ந்து செய்கிறது. இதைத் தடுப்பதற்காக, அடுத்த கலவையில் அலுமினாவின் மேல் முதலில் சீரியம் நைட்ரேட்டை ஏற்றி, ஓடும் காற்றில் சுட்டு, நீர் குடிக்கும் அளவை மறுபடி அளந்துகொண்டு, அதன் மேல் நிக்கலை ஏற்றுவதாக இருக்கிறேன். சீரியம் ஆக்சைடும் துளைகளில் இடம் பிடிக்கும் என்பதால் 0.6 என்ற பழைய எண் அதற்குப் பொருந்தாது.